மற்ற முழங்கால்

பேஸ்பாலில் பந்தெறிபவருக்கும் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசுபவருக்கும் தோள்தான் மூலதனம். பார்த்தோலோ கோலோன் என்ற பந்தெறிபவர் 2005 இல் அமெரிக்க பேஸ்பாலில் பந்தெறிபவருக்கான உயரிய சை யங் விருதை வாங்கியவர். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் தோளும் முழங்கையும் அவரைக் கைவிட்டன. 2010 இல் முதல்நிலை ஆட்டம் ஒன்றில்கூட அவர் ஆடவில்லை. அந்த ஆண்டு தம் தாய்நாடான டொமினிகன் குடியரசில் ஒரு சிகிச்சை எடுத்துக்கொண்டார். அவர் உடலிலிருந்தே கொழுப்பும் எலும்பு மஜ்ஜையும் எடுத்து, அவற்றிலிருந்த ஸ்டெம் செல்களைத் தோளிலும் முழங்கையிலும் ஊசியால் ஏற்றினார்கள். அடுத்த ஆண்டு நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக மணிக்கு 90 மைலுக்கு மேல் பந்தெறிந்தார். 37 வயதில் இப்படியா என்று ஊரே வியந்தது. அதன்பின் 2018 வரை முதல்நிலை ஆட்டங்களில் ஆடினார்.

அவருடைய தோள் தேறியது கண்ணால் கண்ட உண்மை. எதனால் தேறியது என்பதுதான் புதிர். ஊசியாலா? ஓராண்டு ஓய்வாலா? மறுபடியும் அடிப்படையிலிருந்து தொடங்கிய பயிற்சியாலா? 2012 இல் டெஸ்டோஸ்டிரோன் பயன்படுத்தியதாகச் சோதனையில் தெரியவந்து அவருக்கு 50 ஆட்டங்களுக்குத் தடை விதித்தார்கள். அது 2011 ஐப் பற்றி எதையும் நிரூபிக்கவில்லை. ஆனால் ஒரு மனிதரின் தோள் தேறுவதற்கு எத்தனை காரணங்கள் வரிசையில் நிற்கக்கூடும் என்பதைக் காட்டுகிறது. அந்தக் காரணங்களைப் பிரித்துப் பார்க்க வழியில்லை, ஏனென்றால் அவருக்குப் பந்தெறியும் தோள் ஒன்றுதான் இருந்தது.

இந்த ஒற்றைத் தோள் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோவுக்கும் பனாமாவுக்கும் கேமன் தீவுகளுக்கும் ஜப்பானுக்கும் ஸ்டெம் செல் ஊசியைத் தேடி மூட்டுவலியோடு விமானம் ஏறுகிறவர்களின் கதை முழுவதும் இந்த இடத்தைச் சுற்றித்தான் இருக்கிறது.

ஸ்டெம் செல்லைத் தமிழில் குருத்தணு என்கிறார்கள். தென்னையின் உச்சியில் இருக்கும் குருத்து போன்றது அது. ஓலையும் பாளையும் அங்கிருந்துதான் வரும். மட்டை ஒன்று முறிந்தால் மரம் பொருட்படுத்தாது, குருத்து அழுகினால் மரமே போய்விடும். உடலில் பெரும்பாலான செல்கள் மட்டையைப் போல ஒரே வேலைக்கு ஆனவை. குருத்தணுவுக்கு மட்டும் இரண்டு திறன்கள் உண்டு. தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கிக்கொள்ளும், வேறு வகைச் செல்லாகவும் மாறும். 1961 இல் டொராண்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் இருவரும் கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜையைக் கொடுத்துப் பார்த்தார்கள். மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகள் முளைத்தன. ஒவ்வொரு முடிச்சும் ஒற்றைச் செல்லிலிருந்து கிளைத்த இரத்த அணுக்களின் குடும்பம் என்று பின்னர் உறுதியாயிற்று. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நிற்பது இந்த வகைச் செல்லின் மேல்தான். மனிதர்களில் அதைச் சாத்தியமாக்கிய டொனால் தாமஸுக்கு 1990 இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சிகிச்சை பலித்ததா என்பதில் ஊகத்துக்கு இடமில்லை. நோயாளியின் இரத்தத்தை எடுத்துப் பார்த்தால் அதில் ஓடுவது கொடையாளியின் அணுக்களா என்று சொல்லிவிடலாம்.

மூட்டுக்குப் போடும் ஸ்டெம் செல் வேறு வகை. சோவியத் ஆய்வாளர் அலெக்சாண்டர் ஃப்ரீடன்ஸ்டைன் 1960களிலும் 70களிலும் மஜ்ஜையில் இரத்தம் சாராத சில செல்கள் இருப்பதையும், அவை எலும்பை உருவாக்க வல்லவை என்பதையும் கண்டார். 1991 இல் அமெரிக்காவின் ஆர்னால்ட் கேப்லன் அவற்றுக்கு 'மெசன்கைமல் ஸ்டெம் செல்' என்று பெயரிட்டார். கருவில் எலும்பு, தசை, குருத்தெலும்பு ஆகியவை உருவாகும் இடைப்படலத்தைக் குறிக்கும் பெயர் அது. ஆய்வகத் தட்டில் ஒரு வகை இரசாயனக் கலவையைக் கொடுத்தால் இவை கொழுப்பாகும், இன்னொன்றைக் கொடுத்தால் எலும்பாகும், வேறொன்றில் குருத்தெலும்புச் செல்லாகும். பின்னாளில் கொழுப்பிலும் தொப்புள்கொடியிலும் இதே போன்ற செல்கள் கிடைத்தன.

சிக்கல் 'ஆய்வகத் தட்டில்' என்ற சொல்லில் இருக்கிறது. அரைத்த மாவை இட்லித் தட்டில் ஊற்றினால் இட்லி, கல்லில் ஊற்றினால் தோசை, குழியில் ஊற்றினால் பணியாரம். மாவுக்கு அந்தத் திறன் இருப்பது உண்மை. ஆனால் தட்டும் சூடும் ஆவியும் சேர்ந்துதான் அதை இட்லியாக்குகின்றன. மாவை ஆற்றுமணலில் ஊற்றிவிட்டு இட்லிக்காகக் காத்திருக்க முடியாது. வீங்கி, அழற்சியில் கிடக்கும் 60 வயது முழங்காலுக்குள் அந்தத் தட்டும் இல்லை, ஆவியும் இல்லை. விலங்குகளில் அடையாளமிட்டு ஏற்றிய செல்களைத் தொடர்ந்து பார்த்தபோது, பெரும்பாலானவை சில வாரங்களுக்குள் மறைந்துவிட்டன.

இதைப் பெயர் வைத்தவரே உணர்ந்தார். 2017 இல் கேப்லன், இந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார். இவை உடலுக்குள் புதுத் திசுவாக மாறுவதில்லை, சுற்றியுள்ள செல்களுக்கு இரசாயனச் சமிக்ஞைகளை அனுப்புகின்றன, எனவே ஸ்டெம் என்ற சொல்லையே விட்டுவிட்டுச் சமிக்ஞைச் செல்கள் என்று அழைக்கலாம் என்பது அவர் வாதம். தாம் சூட்டிய பெயர் விளம்பரப் பலகைகளில் ஏறி நோயாளிகளைத் தவறான எதிர்பார்ப்புக்கு இழுத்துச் செல்கிறது என்று கவலைப்பட்டு, ஓர் அறிஞர் தம் வாழ்நாள் அடையாளத்தையே திரும்ப வாங்க முன்வந்தது சிறிய காரியமல்ல. பெயர் மாறவில்லை. விளம்பரங்களும் மாறவில்லை.

குருத்தெலும்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் ஒரு தடுமாற்றம் நேரக்கூடும். குருத்தணு, குருத்தெலும்பு இரண்டிலும் 'குருத்து' இருக்கிறது. இரண்டும் உறவு என்று தோன்றும். குருத்தெலும்பில் குருத்து என்பது இளமென்மையைக் குறிக்கிறது, முளைக்கும் திறனை அல்ல. உண்மையில் உடலிலேயே முளைப்புத் திறன் மிகக் குறைந்த திசுக்களில் அது ஒன்று. இரத்தக் குழாய் இல்லை, நரம்பு இல்லை. பெரும்பகுதி நீர், அதைப் பிடித்து வைத்திருக்கும் கொலாஜன் நார்வலை, அதற்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்கள். அவற்றுக்கு உணவு மூட்டுத் திரவத்திலிருந்து கசிந்து வர வேண்டும். அழிந்த குருத்தெலும்பு திரும்ப வராது என்று ஸ்காட்லாந்தின் வில்லியம் ஹன்டர் 1743 இலேயே எழுதிவிட்டார்.

அது எவ்வளவு உண்மை என்பதை அளந்து காட்டியது, எதிர்பாராத ஒரு கடிகாரம். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரட்டிப்பானது. 1963 இல் சோதனைகளுக்குத் தடை வந்தபின் அது படிப்படியாக இறங்கியது. அந்தக் கார்பன் செடிக்குப் போய், உணவாகி, நம் உடலில் சேர்ந்தது. ஆகவே ஒரு திசு எந்த ஆண்டில் உருவானதோ, அந்த ஆண்டின் காற்று அதில் முத்திரையாக விழுந்திருக்கும். டென்மார்க்கின் கத்யா ஹைனமையரும் சக ஆய்வாளர்களும் 2016 இல் முழங்கால் குருத்தெலும்பின் கொலாஜனை இப்படிச் சோதித்தார்கள். வளர்ந்த பருவத்தில் புதுக் கொலாஜன் ஏறக்குறைய உருவாகவே இல்லை. முதியவரின் முழங்காலில் இருப்பது அவர் பிள்ளைப் பருவத்தில் நெய்த அதே துணி. மூட்டு தேய்ந்தவர்களிடமும் உடல் அதைப் பழுதுபார்க்க முயன்ற தடயம் இல்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. குருத்தெலும்பில் நரம்பே இல்லை என்றால் வலி எங்கிருந்து வருகிறது? அடியிலுள்ள எலும்பிலிருந்தும், மூட்டை மூடியிருக்கும் சவ்விலிருந்தும், சுற்றியுள்ள தசைநார்களிலிருந்தும். அதனால்தான் எக்ஸ்ரேயில் கடுமையாகத் தேய்ந்த முழங்காலோடு சிலர் படி ஏறுகிறார்கள், படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லாத சிலர் உட்கார்ந்து எழ முடியாமல் தவிக்கிறார்கள். 'வலி குறைந்தது' என்பதும் 'குருத்தெலும்பு வளர்ந்தது' என்பதும் வெவ்வேறு கூற்றுகள். விளம்பரங்களில் முதலாவதைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், கேட்பவர் இரண்டாவதாக எடுத்துக்கொள்வார்.

சரி, எதற்காக வெளிநாடு? இதற்கான விடை ஒரு சிறிய எண்ணில் தொடங்குகிறது. இடுப்பெலும்பிலிருந்து உறிஞ்சிய மஜ்ஜையில் இந்த வகைச் செல் பத்தாயிரத்தில் ஒன்றோ, லட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். கோடிக்கணக்கில் வேண்டுமென்றால் ஆய்வகத்தில் பெருக்க வேண்டும். விதைநெல்லை நாற்றங்காலில் விட்டு வளர்ப்பது போல, ஊட்டநீரில் சில வாரங்கள் வளர்த்து எடுக்கிறார்கள். அந்த வாரங்களில் கிருமி நுழையலாம், செல்லின் குணம் மாறலாம், செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகலாம். எடுத்த செல்லை அப்படியே திருப்பிப் போடுவது அறுவை சிகிச்சையின் ஒரு பகுதி. வளர்த்துப் போடுவது மருந்து தயாரிப்பு. மருந்து என்றால் பாதுகாப்பையும் பலனையும் சோதனையில் காட்டிவிட்டுத்தான் விற்க வேண்டும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் நிலைப்பாடு இது. கொலராடோவின் ஒரு நிறுவனம் இதை எதிர்த்து வழக்காடியது. நோயாளியின் சொந்தச் செல் எப்படி மருந்தாகும் என்பது அவர்கள் கேள்வி. 2014 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. வளர்த்த செல்களைக் கொண்டு செய்யும் அந்தச் சிகிச்சை கரீபியக் கடலின் கேமன் தீவுகளுக்குப் போயிற்று.

டெக்சாஸிலும் இதே கதை. 2011 இல் அம்மாநில ஆளுநராக இருந்த ரிக் பெர்ரி (நம்மூர் முதலமைச்சருக்கு இணையான பதவி) தம் கொழுப்பிலிருந்து வளர்த்த செல்களை முதுகெலும்பு அறுவையின்போது ஏற்றிக்கொண்டார். மறு ஆண்டு மருந்து நிர்வாகம் தலையிட்டது. அதன்பின் அந்தச் செல்களை வளர்த்துக் கொடுத்த நிறுவனத்தின் நோயாளிகள் சிகிச்சைக்கு மெக்சிகோவின் கான்கூனுக்குப் போகத் தொடங்கினார்கள்.

கிழக்கே, தென்கொரியாவில் வளர்த்த செல்களை உரிமமின்றி ஏற்றக்கூடாது என்பதால் கொரியர்கள் ஜப்பானுக்கும் சீனாவுக்கும் போனார்கள். 2010 இல் கியோட்டோவின் ஒரு மருத்துவமனையில் அப்படிப் போன முதியவர் ஒருவர் நுரையீரல் இரத்தக்குழாய் அடைபட்டு இறந்தார். இரத்தக் குழாயில் ஏற்றும் செல்கள் இதயத்தைத் தாண்டியதும் முதலில் சந்திப்பது நுரையீரலின் நுண்குழாய்களை. குழாயின் அகலம் மைக்ரோமீட்டரில் ஒற்றை இலக்கம். வளர்த்த செல்லின் விட்டம் அதைவிட இரண்டு மூன்று மடங்கு. முழங்காலுக்கென்று கையில் ஏற்றிய செல்களில் பெரும்பாலானவை முழங்காலைப் பார்க்காமலேயே நுரையீரலில் சிக்கிக்கொள்ளும். விலங்குகளில் இதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். மூட்டுக்குச் செல்லை இரத்தக் குழாய் வழியே ஏற்றுகிறோம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். ஜப்பான் 2014 இல் தனிச் சட்டத்தையே நடைமுறைக்குக் கொண்டுவந்து இந்தச் சிகிச்சைகளைப் பதிவுக்குள் இழுத்தது. ஆனால் பதிவு வேறு, பலனுக்கான சான்று வேறு.

ஆக, எல்லை தாண்டுவதற்குக் காரணம் அங்கே அறிவியல் முன்னேறியிருப்பது அல்ல, பெரும்பாலும் அங்கே கேள்வி குறைவாக இருப்பது. இப்போது உள்நாட்டிலும் இடைவெளிகள் திறக்கின்றன. 2016 இல் லீ டர்னரும் பால் நோஃப்ளரும் எண்ணியபோது அமெரிக்காவுக்குள்ளேயே 570 இடங்களில் இத்தகைய சிகிச்சையை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஃபுளோரிடா மாநிலம் 2025 ஜூலை முதல், மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் பெறாத ஸ்டெம் செல்களையும் எலும்பு-மூட்டு நோய்களுக்கும் வலிக்கும் பயன்படுத்த மருத்துவர்களுக்கு அனுமதி தந்துவிட்டது.

அதே ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரத்தில்தான், மேயோ கிளினிக்கில், எனக்கு மிகவும் பிடித்த அந்தச் சோதனை நடந்தது. மருத்துவர் ஷேன் ஷபீரோவும் சகாக்களும் இரண்டு முழங்காலிலும் தேய்மானமும் வலியும் உள்ள 25 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோருக்கும் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, செறிவாக்கி, ஒரு முழங்காலில் ஏற்றினார்கள். மற்ற முழங்காலில் வெறும் உப்புநீர். எந்தக் காலில் எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஒரே ஆள், ஒரே வயது, ஒரே எடை, ஒரே நடை, ஒரே மனம். தராசின் இரண்டு தட்டுகளிலும் எல்லாம் சமம், ஊசிக்குள் இருந்தது மட்டும் வேறு. கோலோனுக்கு வாய்க்காத இரண்டாவது தோள், இவர்களுக்கு இரண்டாவது முழங்காலாக வாய்த்தது.

மஜ்ஜை போட்ட முழங்கால் தேறியது. முதல் வாரமே வலி குறைந்தது, 3 மாதத்தில் இன்னும் நன்றாக இருந்தது, 6 மாதத்திலும் நீடித்தது. உப்புநீர் போட்ட முழங்காலும் அதே அளவு தேறியது.

2017 இல் வெளியான இந்த முடிவை முதலில் படித்தபோது நான் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இந்த 25 பேருக்கும் மஜ்ஜையை மட்டும் போட்டு, 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டிருந்தால், அத்தனை பதில்களும் சிகிச்சைக்கு நற்சான்றிதழாக ஆகியிருக்கும். அவர்கள் யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். வலி மெய்யாகவே குறைந்திருந்தது.

கூர்மையான வாசகர் இங்கே ஒரு மறுப்பு எழுப்பலாம். ஒரு முழங்காலில் போட்ட செல்களின் சமிக்ஞை இரத்தத்தில் கலந்து மற்ற முழங்காலையும் குணப்படுத்தியிருந்தால்? நியாயமான சந்தேகம். அதற்கு வெவ்வேறு ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்னொரு மறுப்பு, ஜாக்சன்வில்லில் போட்டது வளர்க்காத மஜ்ஜை, வெளிநாட்டில் தருவது வளர்த்த செல் என்பது. இதுவும் நியாயம். எமரி பல்கலைக்கழகத்தின் கென் மாட்னர் தலைமையில் நடந்த பெரிய ஒப்பீடு 2023 இல் வெளியானது. 475 பேர். சிலருக்குச் சொந்த மஜ்ஜை, சிலருக்குச் சொந்தக் கொழுப்பிலிருந்து பிரித்த செல்கள், சிலருக்குத் தொப்புள்கொடியிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள், மற்றவர்களுக்கு எல்லா ஊரிலும் கிடைக்கும் ஸ்டீராய்டு ஊசி. ஓராண்டு கழித்துப் பார்த்தால் எந்தச் செல்லும் ஸ்டீராய்டைவிட மேலாக இல்லை. எம்.ஆர்.ஐ. படத்திலும் மூட்டு மாறவில்லை. ஸ்டீராய்டின் நிவாரணமே சில வாரங்கள்தான் நிற்கும் என்பதையும் சேர்த்து இந்த முடிவைப் படிக்க வேண்டும்.

எதிர்த் திசையில் நிற்கும் சான்றையும் மறைக்கக் கூடாது. கொடையாளிகளின் மஜ்ஜையிலிருந்து பெங்களூரு நிறுவனம் ஒன்று வளர்த்த செல்களை, 146 பேரிடம், செல் இல்லாத மருந்துப்போலியோடு ஒப்பிட்டு, யாருக்கு எது என்று மறைத்துச் சோதித்தார்கள். செல் பெற்றவர்களுக்கு வலியும் விறைப்பும் கூடுதலாகக் குறைந்தன. இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 இல் முழங்கால் தேய்மானத்துக்கு அதை அனுமதித்தது. இந்தச் சோதனையை இன்னும் பெரிய அளவில் வேறு கைகள் திருப்பிச் செய்தால் நமக்குத் தெளிவு கிடைக்கும். இதில் நான் மதிப்பது முடிவைவிட, அதை அடைந்த வழியை. அவர்கள் மற்ற முழங்காலைத் தேடினார்கள்.

உப்புநீர் எப்படி வேலை செய்கிறது? இரண்டு காரணங்கள் பின்னிக்கிடக்கின்றன. மூட்டுவலி கடல் போல ஏறும், வற்றும். மனிதர்கள் சிகிச்சைக்குக் கிளம்புவது வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பின் இறக்கம்தான். இறங்கும் நேரத்தில் எந்த ஊசி போட்டாலும் பெயர் ஊசிக்குத்தான் போகும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் பெரியவர்கள் இதற்குத்தான் சொல்லி வைத்தார்கள். இரண்டாவது, எதிர்பார்ப்பு. குணமாகும் என்ற நம்பிக்கை மூளையில் வலியைக் கையாளும் வழிகளையே மாற்றுகிறது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், மூட்டு நோயில் மருந்துப்போலி மாத்திரையைவிட மருந்துப்போலி ஊசிக்குப் பலன் அதிகம். விலையும் வேலை செய்யும். 2008 இல் அமெரிக்காவில் 82 பேருக்குப் புதிய வலி மருந்து என்று சொல்லி மருந்தில்லாத ஒரே மாத்திரையைக் கொடுத்தார்கள். பாதிப் பேரிடம் விலை 2.50 டாலர் என்றார்கள், மீதிப் பேரிடம் 10 சென்ட்டாகக் குறைத்துவிட்டதாகச் சொன்னார்கள். சிறு மின்னதிர்ச்சி கொடுத்து வலியைக் கேட்டபோது, விலை உயர்ந்த மாத்திரை தங்களுக்கு வலியைக் குறைத்தது என்றவர்கள் 85 விழுக்காடு, மலிவு மாத்திரைக்கு 61.

இனி அந்தப் பயணத்தை நினைத்துப் பாருங்கள். சேமிப்பைக் கரைத்து ஆயிரக்கணக்கில் டாலர் கட்டி, விசா வாங்கி, விமானம் ஏறி, கடலோர ஊரில் இறங்கி, புன்னகையோடு வரவேற்கும் மருத்துவரைச் சந்தித்து, இடுப்பிலோ வயிற்றிலோ துளைபோட்டு எடுத்த தன் சொந்தச் செல்லைத் தன் முழங்காலில் வாங்கிக்கொண்டு ஒருவர் திரும்புகிறார். ஒப்பிட உப்புநீர் முழங்கால் இல்லை. வேண்டுமென்றே வடிவமைத்தாலும் இதைவிட வலுவான எதிர்பார்ப்பை உண்டாக்க முடியாது.

தசையிலும் இதே பாடத்தை இன்னும் வேதனையான வழியில் கற்றிருக்கிறோம். டூஷேன் தசைச் சிதைவு சிறுவர்களைத் தாக்கும் மரபு நோய். பத்து, பன்னிரண்டு வயதில் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுவார்கள். தசையின் முன்னோடிச் செல்களைத் தந்தையிடமிருந்தோ சகோதரனிடமிருந்தோ எடுத்து, வளர்த்து ஏற்றினால் நல்ல தசை உருவாகும் என்ற நம்பிக்கை 1990களின் தொடக்கத்தில் பெருகியிருந்தது. ஓஹையோவின் ஜெரி மென்டல் 12 சிறுவர்களுக்கு ஒரு கையின் தசையில் மாதம் ஒருமுறை, ஆறு மாதம் செல்களை ஏற்றினார். மற்ற கையில் செல் இல்லாத ஊசி. 1995 இல் முடிவு வந்தது. இரண்டு கைகளின் வலுவிலும் வித்தியாசம் இல்லை. அந்தக் குடும்பங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே மனம் கனக்கிறது. ஆனால் அந்த மற்ற கை இருந்ததால்தான், அதற்குப்பின் பிறந்த ஆயிரக்கணக்கான சிறுவர்கள் பலனில்லாத ஊசிகளிலிருந்து தப்பினார்கள், ஆய்வும் வேறு வழி தேடிப் போயிற்று.

பலன் இல்லாவிட்டால் கெடுதலும் இல்லை என்று நினைப்பது தவறு. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2024 இல் மூன்று நோயாளிகளைப் பற்றி அறிவித்தது. மெக்சிகோவில் ஸ்டெம் செல் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள். மூவரில் இருவர் மூட்டு நோய்க்காகப் போனவர்கள். மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்ற, காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான பாக்டீரியா அவர்களைத் தொற்றியிருந்தது. பல மருந்துகளுக்கு மசியாத கிருமி. மாதக்கணக்கில் சிகிச்சை வேண்டும். இது வெளிநாட்டுக்கு மட்டும் உரிய ஆபத்து அல்ல. 2018 இல் அமெரிக்காவுக்குள்ளேயே தொப்புள்கொடி இரத்தப் பொருளைப் போட்டுக்கொண்ட 12 பேர் கடும் தொற்றோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஆனால் எல்லை தாண்டியவருக்குக் கூடுதலாக ஒரு துன்பம் உண்டு. உள்ளூர் மருத்துவர் முன்னால் வீங்கிய முழங்காலோடு உட்காரும்போது, அதற்குள் என்ன போட்டார்கள், யாருடைய செல், எதில் வளர்த்தது என்ற கேள்விகளுக்குக் கையில் காகிதம் இருக்காது.

இந்தியாவிலிருந்து போகிறவர்களும் உண்டு, இந்தியாவுக்கு வருகிறவர்களும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாகச் சொன்னது: இரத்தம் சார்ந்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற அங்கீகரித்த சிகிச்சைகளைத் தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடு எல்லாம் ஆராய்ச்சிதான், அதை ஒப்புதல் பெற்ற சோதனையாக மட்டுமே நடத்த வேண்டும். பணம் கேட்டுக்கொண்டு 'சோதனை' என்று சொல்பவர்களிடம் சற்று நின்று யோசிப்பது நல்லது. அமெரிக்க அரசின் சோதனைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்று காட்டுவார்கள். அது பதிவேடு மட்டுமே, அங்கு இடம்பெறுவது ஒப்புதல் ஆகாது. எந்தச் செல், எங்கே வளர்ந்தது, எதோடு ஒப்பிட்டீர்கள், ஓராண்டு கழித்து என்னைப் பார்ப்பது யார் என்ற நான்கு கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லும் மருத்துவரை நான் மதிப்பேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு, வலியோடு இருப்பவரிடம் 'போகாதீர்கள்' என்று மட்டும் சொல்லி விலகிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எடை குறைந்தால் முழங்காலுக்கு மெய்யாகவே இலேசாகிறது. 2005 இல் அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். உடலில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை நான்கு கிலோ குறைகிறது.

இன்னொன்று, தொடைத் தசை. குருத்தெலும்பைப் போலல்லாமல், தசைக்குச் சொந்தமாகக் குருத்தணுக்கள் உண்டு. அலெக்சாண்டர் மௌரோ 1961 இல் தவளையின் தசை நாரை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நாரின் விளிம்பில் ஒட்டியபடி உறங்கும் சிறு செல்களைக் கண்டார். அருகில் சுற்றும் துணைக்கோளைப் போல இருந்ததால் சாட்டிலைட் செல் என்று பெயர். தசை காயப்பட்டாலோ, பழகியதைவிட அதிகச் சுமையைத் தூக்கினாலோ அவை விழித்துப் பெருகி நாரோடு சேர்கின்றன. இவற்றை யாரும் உறிஞ்சி எடுக்கவோ வளர்க்கவோ வேண்டியதில்லை. வயதானால் எண்ணிக்கை குறையும், ஆனால் தீர்ந்துவிடுவதில்லை.

உடற்பயிற்சியை உப்புநீரைப் போல மறைத்துக் கொடுக்க முடியாது, செய்கிறவருக்குத் தெரிந்துவிடும். அதனால் வலி பற்றிய பதில்களை இங்கும் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கால் எவ்வளவு எடையைத் தள்ளியது என்பது வேறு, அது எண்ணாகப் பதிவாகிறது. பாஸ்டனின் முதியோர் இல்லம் ஒன்றில் மரியா ஃபியாடரோன் 100 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார். சராசரி வயது 87. ஒரு சாராருக்கு இடுப்பு, முழங்கால் தசைகளுக்கு எடைப் பயிற்சி, வாரம் மூன்று நாள், 10 வாரம். மற்றவர்களுக்கு அந்தப் பயிற்சி இல்லை. 1994 இல் முடிவு வெளியானது. பயிற்சி செய்தவர்களின் வலு சராசரியாக 113 விழுக்காடு கூடியிருந்தது. மற்றவர்களுக்கு 3.